பின்மரத்துச் சிவப்பு நூல்

பத்தேமாரி என்கிற பாய்க்கப்பலின் மேல்தட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மூடி இருந்தது. அதைச் சாமணத்தால் மெதுவாகத் தூக்கினேன். உள்ளேயிருந்து சுக்கு வாசனை வந்தது.

மட்டாஞ்சேரியில் சுக்கு வாசனை வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. பஜாரில் நடந்தால் சட்டையில் ஏறிக்கொண்டு வீடு வரை கூடவே வரும். ஆனால் இது மூன்றரை அடி நீளமுள்ள மரக் கப்பல். பொம்மை என்றுகூடச் சிலர் சொல்வார்கள். என் காதில் விழுந்தால் சண்டைக்குப் போவேன். அந்தக் கப்பலின் வயிற்றுக்குள் எத்தனையோ வருஷத்துச் சுக்குத்தூள் படிந்து கிடந்தது.

மழைக்காலம். ஜன்னலுக்கு வெளியே காயல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. பிளாஸ்கில் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாயா பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. பஞ்சுக் குச்சியை நாக்கில் நனைத்துக் கப்பலின் பக்கப்பலகையைத் துடைக்க ஆரம்பித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் குறைவு.

அந்தச் சந்தோஷத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். இந்தப் பத்தியில் இத்தனை வாரம் கரையானையும் பூஞ்சையையும் பற்றிக் கதை அளந்துகொண்டிருந்தது இதை எழுதுவதைத் தள்ளிப்போடத்தான் என்று என் மனைவி ராஜம் சொல்கிறாள். அவள் சொல்வது சரி.

எச்சில் உத்தியோகம்

நாக்கில் நனைத்து என்றதும் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். பழைய சாயத்தின் மேல் ஏறிய அழுக்கை எடுப்பதற்கு மனுஷ எச்சிலைப் போல மிருதுவான திரவம் கிடையாது. சென்னையில் எனக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுத்தவர்கள் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார்கள்.

பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்து மூன்று தலைமுறையான குடும்பம் எங்களுடையது. டம்ளரை உதட்டில் வைத்துத் தண்ணீர் குடித்தால் முதுகில் அடி விழும் வீட்டில் வளர்ந்தவன் நான். அப்படிப்பட்டவனுக்கு மியூசியத்தில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை எச்சிலே உத்தியோகமாக வாய்த்தது.

ராஜம் வாசலிலேயே மறித்துக்கொள்வாள். “அந்த வாயோட உள்ள வராதேங்கோ. கொப்புளிச்சுட்டு வாங்கோ.”

“என் எச்சில்தானே? ஊரார் எச்சிலா?”

“கப்பல்ல பட்ட எச்சிலாக்கும். கடல் தாண்டின சாமான்.”

அந்தக் கப்பல் தண்ணீரையே தொட்டதில்லை என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. கடல் தாண்டுகிற விஷயத்தில் நான் மட்டும் என்ன கிழித்துவிட்டேன்? போட்டில் எதிர்க்கரை வைப்பினுக்குப் போய் வந்திருக்கிறேன். என் கடல் பயணம் மொத்தமும் அவ்வளவுதான். கப்பல்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நான் திரிந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. சிரிப்பு என்று எழுதியது மரியாதைக்கு.

விரலுக்கு ஒரு கோல்

அந்தக் கப்பல் எங்களிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கும் மிளகும் வியாபாரம் செய்த ஒரு முதலாளி வீட்டுப் பண்டகசாலை இருந்தது. அதன் உத்தரத்தில் இந்தக் கப்பல் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே நூறு பெண்கள் குந்தியிருந்து சுக்கைத் தரம் பிரிப்பார்கள். பிள்ளைகள் பம்பாய்க்குப் போய்விட, எழுபதுகளின் பின்பாதியில் பண்டகசாலையைப் பூட்டினார்கள். கப்பலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் பதிவேட்டில் அதற்கு ஒரே ஒரு வரி. ‘மரக் கப்பல், ஒன்று.’ ஆட்டுக்குட்டியைப் பதிந்தாலும் நிறமாவது எழுதுவார்கள்.

அந்த ஒரு வரி எனக்குப் பொறுக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அதை என் மேஜைக்குக் கொண்டுவரச் செய்து ஆறு மாதம் அளந்தேன். அங்குலத்தில் அளந்தால் எல்லாம் பின்னமாக வந்தது. பிறகுதான் புத்தி வந்து தச்சுக் கணக்கில் விரல்களாக அளந்தேன். நீளம், அகலம், பாய்மரம், சுக்கான், எதை வைத்தாலும் முழு விரலில் வந்து நின்றது. கப்பல் கட்டும் ஆசாரிகளுக்கு இருபத்துநாலு விரல் ஒரு கோல். நிஜக் கப்பலின் ஒரு கோலுக்கு இதில் ஒரு விரல். அப்படியென்றால் இது அலங்காரத்துக்குச் செய்தது இல்லை. கப்பலைக் கட்டும் முன்பு முதலாளிக்குக் காட்ட ஆசாரி செய்த மாதிரி.

எங்கள் கியூரேட்டர் பணிக்கர் சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். திருச்சூர்க்காரர், அதிகம் பேசாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அப்போ இது ஒரு கப்பலோட ஜாதகம், அல்லே சாமி?”

கேரளத்தில் எங்கள் ஆட்களை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அன்றைக்கு அவர் கூப்பிட்டபோது நிஜமாகவே சாமியாகிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அடுத்தது கயிறுகள். பத்தேமாரிக்கு இரண்டு பாய்மரம்: பெரியது முன்மரம், சிறியது பின்மரம். ஒவ்வொரு கயிறும் எதற்கு என்று கேட்டு வைப்பினில் பழைய மாலுமிகளைத் தேடிப் போனேன். வயதான ஆசாரி ஒருவரைப் பிடித்தேன். பம்பாய்க்கு முதலாளியின் பிள்ளைகளுக்கு நாலு கடிதம் எழுதினேன். முப்பத்தொரு கயிற்றுக்கும் பெயரும் வேலையும் எழுதி முடித்தேன்.

மீதியாக நின்றவை பதினேழு நூல்கள். சிவப்பு, நீலம், புடவைக் கரையிலிருந்து உருவியது, சாக்குத் தைக்கும் சணல். கயிறுகளின் மேல் அங்கங்கே முடிச்சுப் போட்டிருந்தது. எந்தக் கப்பலிலும் அந்த இடத்தில் அப்படி ஒரு கயிறு கிடையாது. நான் கேட்ட மாலுமிகளும் கைவிரித்தார்கள். பண்டகசாலையில் யாரோ விளையாட்டாகக் கட்டியது என்று தீர்மானித்துவிட்டேன்.

அந்தக் கப்பலின் கீழே முப்பது வருஷம் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தியையாவது கேட்டிருக்கலாம். பாதிப்பேர் எங்கள் மியூசியத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தவர்கள். கப்பலைப் பற்றிச் சுக்கு வாருகிறவர்களிடம் என்ன கேட்பது என்று நினைத்திருப்பேன். நினைத்ததுகூட இல்லை, தோன்றவே இல்லை.

பணிக்கர் சார் லீவில் இருந்த வாரம்

பணிக்கர் சாருக்கு ஒரே ஒரு கட்டளைதான் உண்டு. “துடைக்கறது உங்க இஷ்டம். எதையும் கழட்டறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வாக்கு சொல்லணும், கேட்டோ.”

தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் திருச்சூர் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் கப்பலை முடித்துக் காட்டி அவரை அசத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டு, வேலைக்கு முந்திய நிலையை நாலு பக்கமும் படம் எடுக்கச் செய்தேன். அந்த ஒழுங்கெல்லாம் எனக்குக் குறைவில்லை. பிறகு நகம் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்துப் பதினேழு நூல்களையும் வெட்டினேன்.

சிலது வெட்ட வரவில்லை. அவ்வளவு இறுக்கம். கத்தரி முனையை உள்ளே நுழைத்து நெம்பினேன். இற்றுப்போன பழைய கயிறுகளுக்குப் பதில், ராஜம் கொதிக்கவைத்துக் கொடுத்த தேயிலை டிகாக்‌ஷனில் ஊறவைத்த பருத்திக் கயிற்றைக் கட்டினேன். வெட்டிய நூல்களைப் பழைய பேப்பரில் சுருட்டி வாழைப்பழத் தோலோடு குப்பைக் கூடையில் போட்டேன். மறுநாள் முனிசிபாலிட்டி லாரி வந்து கொண்டுபோயிற்று.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் பணிக்கர் சாரின் கட்டளை நினைவுக்கு வந்தது. பிறகு எழுதினேன்: ‘தூசியும் தளர்ந்து விழுந்த நூல்களும் நீக்கப்பட்டன.’ விழுந்ததை எடுத்தால் அது கழற்றியதாகாதே. சின்ன ஆபீஸ் பொய். இந்த மாதிரிப் பொய் சொல்லாத குமாஸ்தா யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

கப்பல் பளிச்சென்று கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று. வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு மலையாளப் பத்திரிகையில் அதன் படமும், பக்கத்தில் என் படமும் வந்தது. ராஜம் அந்தப் பக்கத்தை வெட்டிப் பூஜை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள்.

கல்யாணக் குறி

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாக்கியம் வந்தாள்.

நாற்பது வயது இருக்கும். நீலப் புடவை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கையில் மடக்கிய பத்திரிகை. பணிக்கர் சாரும் நானும் ஹாலில் ஒரு விளக்கை மாற்றுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

“சாமிதானே படத்துல இருக்கறது? மகள் வாசிச்சுச் சொன்னா. எனக்கு மலையாளம் எழுத்தும் தெரியாது, தமிழ் எழுத்தும் தெரியாது. இது எங்க பாண்டிகசாலைக் கப்பலுதானே?”

ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. சுள்ளிக்கல்லில் இருப்பதாகச் சொன்னாள். அப்பா காலத்திலிருந்து பிறந்த வீட்டில் ஆண்களுக்கு முனிசிபாலிட்டி வேலை. அவள் மட்டும் பத்து வயதிலிருந்து சுக்கு வாரியிருக்கிறாள்.

“பம்பாய்க்கு எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சோம் சாமி. இத்தனெ வருஷம் இவிடெயே இருந்திருக்கு. பின்மரத்துல இடப்பக்கம், ஏத்தவும் கீழெ, எல்லாத்துக்கும் அடியில, ஒரு சிவப்பு நூலு. நான் கெட்டினது. அதெ ஒண்ணு பாத்துட்டுப் போயிடறேன்.”

எந்த நூல் என்று கேட்டவர் பணிக்கர் சார்.

“எங்க வீட்டுக்காரரு லாஞ்சு ஏறிப் பேர்ஷியாவுக்கு, கல்ஃபுக்குப் போனாரு சார். ஹார்பர் ஐலண்டுல குடோன்ல சுமடு எடுத்துட்டு இருந்தவரு. மகளுக்கு அப்போ அஞ்சு வயசு. அன்னிக்கே ஏணி வச்சு ஏறிக் கெட்டினேன். சுக்குச் சாக்குக்குப் போடற கெட்டு, ரெண்டு காது வச்சு. கடல்ல ஆளெ அனுப்பின எல்லாப் பொம்பளைங்களும் கெட்டுவோம். ஆளு ஊருக்குத் திரிச்சு வந்தா, கெட்டினவளே அவுத்துக் காயல்ல விடணும். அது வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அதுக்காகத்தான் அந்தக் கப்பலெ மொதலாளி தூசு தட்டக்கூட விடமாட்டாரு.”

“தானா அவிழ்ந்தா?” என்றார் பணிக்கர் சார்.

“தானா அவுந்து விழுந்தா ஆளு இல்லென்னு அர்த்தம்.”

இதைச் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு அவள் வந்த காரியத்தையும் சொன்னாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணக் குறி, அதாவது அழைப்பிதழ், அந்த வாரம் அச்சடிக்க வேண்டும். பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் ‘பரேதன்’ என்று போடுவதா வேண்டாமா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்கள். காலஞ்சென்றவர் என்பதற்கு மலையாளக் குறிகளில் போடும் வார்த்தை அது.

“பதினாலு வருஷமாச்சு, ஒரு கத்து, கடுதாசி இல்லெ. நான் பொட்டு வச்சுட்டு மணவறைக்கிட்ட நிக்கணுமா, பின்னாடி போயி நிக்கணுமான்னு கேக்கறாங்க. எனக்கு எங்கெ தெரியும் சாமி. கப்பலு சொல்லட்டும்னுட்டு வந்தேன்.”

கண்ணாடிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் குனிந்து பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். சுற்றிப்போய் அந்தப் பக்கம் பார்த்தாள். தேயிலைச் சாயம் ஏறிய என் புதுக் கயிறுகள் ஒரு தப்புமில்லாமல் வரிசையாக நின்றன.

“நூலெல்லாம் எவிடெ சாமி?” என்று பணிக்கர் சார் என்னைக் கேட்டார்.

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பார்த்தது பணிக்கர் சார் முகத்தை மட்டும். அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த பயமெல்லாம் அவருக்குத்தான். அறிக்கையில் எழுதியதே வாயில் வந்தது.

“தளர்ந்து விழுந்திருந்தது சார். நான் எடுக்கும்போதே விழுந்திருந்தது.”

பாக்கியம் கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்தாள். அழவில்லை. முந்தானையால் கண்ணாடியில் பதிந்திருந்த கைத்தடத்தைத் துடைத்துவிட்டாள்.

“செரி சாமி,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பூதக்கண்ணாடி

மறுநாள் காலையில் என் மேஜை மேல் பழைய பைல் திறந்து கிடந்தது. ஸ்டூடியோக்காரர் எடுத்த நாலு படங்களில் ஒன்று அதன் மேல் இருந்தது. அதன் மேல் பணிக்கர் சாரின் பூதக்கண்ணாடி.

கறுப்பு வெள்ளைப் படம். எது சிவப்பு, எது நீலம் என்று தெரியாது. ஆனால் பின்மரத்தில், இடப்பக்கம், எல்லாவற்றுக்கும் கீழே, இரண்டு காது வைத்த முடிச்சு ஒன்று இருந்தது.

பணிக்கர் சார் என் அறைக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. “குறி அடிக்கறதுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு, அல்லே?” என்றார். தன் அறைக்குப் போய்விட்டார். மெமோ கொடுத்திருந்தால்கூடத் தேவலை.

நாலு நாள் இருந்தது. மட்டாஞ்சேரியிலிருந்து சுள்ளிக்கல் என்ன, சீமையா? பஸ் ஏறினால் டிக்கெட் வாங்குவதற்குள் வந்துவிடும். முதல் நாள் மழை. இரண்டாம் நாள் தலைவலி என்று படுத்தேன். மூன்றாம் நாள் நிஜமாகவே தலைவலி வந்தது. நாலாம் நாள் ராஜத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “ஒரு சுமங்கலி நெத்தியை அழிச்சுட்டு வந்து எங்கிட்ட என்னத்தைச் சொல்றேள்? படத்தைக் கொண்டுபோய் அவகிட்டக் குடுங்கோ. வெட்டினது நான்தான்னு சொல்லுங்கோ.”

போகிறேன் என்றேன். போனது அதற்கு மூன்று வாரம் கழித்து.

சுள்ளிக்கல்லில் ஒரு சாயா

வாசலில் கல்யாணப் பந்தலின் மூங்கில் குழிகள் இன்னும் மூடவில்லை. பாக்கியம் வெளியே வந்து, “சாமி வாங்க, கேறி வாங்க,” என்றாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. விபூதிகூட இல்லை. வெள்ளைப் புடவை கட்டவில்லை, அதே நீலப் புடவைதான்.

சுவரில் ஒரு ஆண் படம், புதுச் சட்டம் போட்டு, சந்தன மாலையோடு. மீசை அரும்பிய முகம். மூட்டை சுமக்கிறவர் என்று சொல்ல முடியாது, அவ்வளவு ஒடிசல்.

சாயா கொண்டுவந்தாள். எங்கள் வீட்டு ஆசாரமெல்லாம் அன்றைக்குக் காற்றில் பறந்தது. கிளாஸை உதட்டில் வைத்துக் குடித்தேன். மடியில் பை, பைக்குள் படம்.

“சாமிகிட்ட வந்து ஒரு வாக்கு சொல்லணும்னு இருந்தேன்,” என்றாள். “பதினாலு வருஷம் வாசலெப் பாத்துட்டே கெடந்தேன். நாய் கொரச்சா எழுந்திருப்பேன். போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டா நெஞ்சு அடிக்கும். அந்த நூலு விழுந்துச்சுன்னு சாமி சொன்னதும், அன்னிக்கு வீட்டுக்கு வந்து கெடந்தேன். விடிஞ்சு எட்டு மணிக்குத்தான் எழுந்தேன். இப்போ உறக்கம் வருது சாமி.”

நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அவருக்குப் பலி போட்டாச்சு, கருமாதி முடிஞ்சுது. மகளும் செரின்னுட்டா.” பிறகு, “சாமி என்ன காரியமா வந்தீங்க?” என்று கேட்டாள்.

“சும்மாதான். இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது.”

அவளுக்குச் சொன்ன இரண்டாவது பொய் அது. முதல் பொய்யை வேலைக்குப் பயந்து சொன்னேன். இரண்டாவதை அவள் தூக்கத்துக்காகச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் நிஜம். அந்தக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ‘வெட்டினவன் நான்’ என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நாலு நாளுக்குள் போயிருந்தால் அவள் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொண்டிருப்பாள். அந்தப் பாத்தியதையைத்தான் அவளிடமிருந்து எடுத்துவிட்டேன்.

அந்த மனிதர் திரும்பி வரவில்லை. உங்களில் சிலர் இதைக் கேட்க நினைப்பீர்கள், அதனால் சொல்கிறேன். வரவில்லை, கடிதமும் இல்லை. அதனால் நான் சொன்னது பலித்துவிட்டது என்று ஆகுமா? மற்ற பதினாறு பேரைத் தேடி யாரும் மியூசியத்துக்கு வரவும் இல்லை. ஹாலில் நாற்பது வயதுப் பெண் யாராவது அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் குனிந்து பார்த்தால், ரிட்டையர் ஆகிற வரைக்கும் நான் உள்ளே போய்விடுவேன்.

பணிக்கர் சார் அந்தப் படத்தைத் திருப்பிக் கேட்கவே இல்லை. பைலில் நாலு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருக்கும். நாலாவது என்னிடம் இருக்கிறது, பூஜை அலமாரியில், கதவில் ஒட்டிய அந்தப் பத்திரிகைத் துண்டுக்குப் பின்னால். ராஜம் வைத்த இடம் அது.

இதை எழுதுவதற்காக நேற்று எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பின்மரம், இடப்பக்கம், எல்லாவற்றுக்கும் கீழே. இரண்டு காதும் விறைத்து நிற்கின்றன. கட்டு கொஞ்சம்கூடத் தளரவில்லை.